சேற்றுப்புண்: சிகிச்சையும் தடுப்பும்

நெல்லியடியிலும் அதனைச் சூழ்ந்த கரவெட்டி, துன்னாலை, கரணவாய், உடுப்பிட்டி, அல்வாய் முதலிய ஊர்களிலும் கமத்தொழிலை நம்பி வாழ்வோர் ஆண்டின் பெரும்பகுதியை ஈரநிலத்திலேயே கழிக்கின்றனர். புரட்டாதியில் விதைத்த நெல், ஐப்பசி மழையுடன் எழும்பி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நீர் நிற்கும் வயலில் வளர்கின்றது. அக்காலத்திலேயே புல்லுப் பிடுங்கல், பசளையிடல், வரம்பு திருத்தல் ஆகிய வேலைகள் யாவும் நடைபெறவேண்டியுள்ளன. தை, மாசியில் நெல்லை அறுவடை செய்தபின்னரும் ஓய்வு கிடைப்பதில்லை. வெங்காயம், மிளகாய், கத்தரி, கோவா, புகையிலை முதலிய பயிர்களுக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைத்து, வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும் வேலை தொடங்கிவிடுகின்றது. தண்ணீர் மாறுபவரின் கால்கள் இறைப்பு முடியும்வரை நனைந்தே இருக்கும்.

இவ்வாறு நாள்தோறும் நனையும் கால்களில் உண்டாகும் நோய்களுள் மிகப் பொதுவானது சேற்றுப்புண்ணாகும். விரலிடுக்கில் கடியும் எரிவும் ஏற்பட்டு, தோல் வெளுத்து ஊறிப் பிளந்துபோகும் இந்நோயைக் கமக்காரர் பலர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. "சேற்றில் இறங்கினால் வரும், வெயில் வந்தால் மாறும்" என்று கூறி விட்டுவிடுவர். இவ்வெண்ணம் பாதி உண்மையானது. சேற்றில் இறங்குவதால் நோய்க்கு இடமுண்டாவது உண்மை. வெயில் வந்தால் தானாக மாறிவிடும் என்பது உண்மையன்று. கோடையில் அடங்கியிருந்து அடுத்த மாரியில் மீண்டும் தலைகாட்டுவது இந்நோயின் இயல்பு. அன்றியும், பிளந்த விரலிடுக்கு உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும் வேறு நோய்கள் உடலினுள் புகும் வாயிலாகவும் அமைகின்றது. எனவே இதன் காரணத்தையும், சிகிச்சையையும், வராமற் காக்கும் முறைகளையும் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோயின் காரணம்

சேற்றுப்புண்ணை உண்டாக்குவது சேறன்று. பங்கசு எனப்படும் நுண்ணுயிராகும். நெற்பயிரில் எரிபந்த நோயை உண்டாக்குவதும், வெங்காயத் தாளில் புள்ளிகளை உண்டாக்குவதும் பங்கசுகளே என்பதைக் கமக்காரர் அறிவர். அவை பயிருக்குரியவை, மனிதரின் தோலைத் தாக்குபவை வேறு இனத்தவை. எனினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பல நாட்கள் பனியும் தூறலும் தொடர்ந்து இலை ஈரமாகவே இருக்கும்பொழுது பயிரில் நோய் பெருகுவதுபோல, விரலிடுக்கு உலராமல் இருக்கும்பொழுதே காலில் இந்நோய் பெருகுகின்றது.

மனிதத் தோலின் மேற்படை கெரற்றின் என்னும் பொருளாலானது. நகமும் மயிரும் அப்பொருளாலானவையே. இந்நோயை விளைவிக்கும் பங்கசுகள் கெரற்றினையே உணவாகக் கொள்கின்றன. உலர்ந்த, வெடிப்பற்ற தோலில் அவை எளிதில் வேரூன்றமாட்டா. ஆனால் பல மணித்தியாலம் நீரில் ஊறிய தோல் தடித்து, வெளுத்து, இளகிப்போவதால் அதன் காவல் தளர்ந்துவிடுகின்றது. அதிலும், சிறுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடைப்பட்ட இடுக்கு மிகவும் நெருக்கமானது, காற்றுப் புகாதது. ஆகையால் நோய் பெரும்பாலும் அவ்விடத்திலேயே முதலில் தோன்றுகின்றது.

பாத நோயை விளைவிக்கும் பங்கசுகளுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது திரைக்கோபைற்றன் ரூப்ரம் என்பதாகும். இதனை முதன்முதலில் விவரித்தவர் அல்டோ காஸ்தெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியராவர். அவர் 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1915ஆம் ஆண்டு வரை கொழும்பிற் பணியாற்றியவர். 1910ஆம் ஆண்டில் அவர் இப்பங்கசைப் பற்றி எழுதியது இலங்கையிற் பணியாற்றிய காலத்திலேயேயாகும். அவர் பெயரால் வழங்கும் சிவப்பு நிறப் பூச்சு மருந்து பிற்காலத்தில் விரலிடுக்குப் புண்களுக்குப் பல நாடுகளிலும் பயன்படுத்தப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டைப் போன்ற இடங்களில் இந்நோய் நெடுங்காலமாக நிலைத்துள்ளது என்பதை இது காட்டுகின்றது.

பரவும் விதம்

நோயுற்ற தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களில் பங்கசு உயிருடன் இருக்கும். ஈரமும் நிழலுமான இடங்களில் அது பல மாதங்கள் அழியாதிருக்கக்கூடும். கிணற்றடிச் சீமெந்துத் தரை, குளியலறை, பலர் மாறி மாறி அணியும் செருப்பு, இறப்பர்ச் சப்பாத்து, ஒரே துவாய், ஒரே மிதியடி ஆகியவை மூலம் நோய் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குப் பரவுகின்றது. ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் வந்து, சில வாரங்களில் மற்றவர்களுக்கும் காண்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

நோயுள்ள காலைச் சொறிந்த கையால் உடலின் பிற பகுதிகளைத் தொடுவதாலும், கால் துடைத்த துவாயால் அரையைத் துடைப்பதாலும் தொடையிடுக்கில் படர்தாமரை உண்டாகும். இவ்வாறு பலருக்கு மீண்டும் மீண்டும் வரும் படர்தாமரையின் ஊற்று அவர்களது விரலிடுக்கிலேயே உள்ளது. மாடு, கன்றுகளின் தோலில் வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்குத் தோன்றினால், அதுவும் பங்கசு நோயாக இருக்கலாம். அது மனிதரின் கை, முகம் ஆகியவற்றிற்குப் பரவக்கூடுமாகையால், அத்தகைய கால்நடைகளைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

அடையாளங்கள்

பாதத்தில் இந்நோய் மூன்று விதமாகத் தோன்றும்.

முதலாவது, விரலிடுக்கு நோய். கமக்காரரிடையே பெரிதும் காணப்படுவது இதுவே. கடைசி இரு விரல்களுக்கிடையில் தோல் வெண்மையாக ஊறி, உரிந்து, அடியில் சிவந்த ஈரமான பகுதி தெரியும். கடியும் எரிவும் துர்நாற்றமும் உண்டாகும். பின்னர் வெடிப்பு ஏற்பட்டு, நடக்கும்பொழுது நோவு தரும்.

இரண்டாவது, உள்ளங்கால் நோய். உள்ளங்காலிலும் குதிக்காலிலும் பாதத்தின் ஓரங்களிலும் தோல் வறண்டு, தடித்து, மாப் பூசியதுபோல் வெண்செதில் படியும். இதனைப் பலர் சாதாரண பித்தவெடிப்பு என எண்ணி எண்ணெய் மாத்திரம் பூசி வருவர். ஆண்டுக்கணக்காக மாறாத வறட்சியை, குறிப்பாக ஒரு காலில் அதிகமாகவும் மறுகாலில் குறைவாகவும் உள்ளதை, பங்கசு நோயெனச் சந்தேகிக்கவேண்டும்.

மூன்றாவது, கொப்புள நோய். பாதத்தின் வளைவிலும் ஓரத்திலும் சிறு நீர்க்கொப்புளங்கள் திடீரெனத் தோன்றி மிகுந்த கடியை உண்டாக்கும்.

நாளடைவில் நோய் நகத்திற்கும் பரவும். நகம் மஞ்சளாகவோ கபில நிறமாகவோ மாறி, தடித்து, நொறுங்கும். நகத்தில் குடிகொண்ட பங்கசு, தோலில் மாறிய நோயை மீண்டும் மீண்டும் உண்டாக்கும் விதைக் களஞ்சியமாக அமையும்.

காலில் தோன்றும் எல்லாத் தோல்நோயும் பங்கசினால் உண்டாவன அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். யூரியா முதலிய பசளையோ களைகொல்லியோ பட்டதனால் தோல் வெந்து சிவக்கலாம். இறப்பர்ச் செருப்பின் வார் படும் இடத்தில் மாத்திரம் அந்த வாரின் வடிவிலேயே கடியும் கருமையும் தோன்றினால், அது இறப்பரின் ஒவ்வாமையாக இருக்கலாம். உள்ளங்காலில் ஊசியாற் குத்தியதுபோன்ற சிறு குழிகளும் கடும் நாற்றமும் காணப்படின், அது பற்றீரியாவினால் உண்டாவது. அதற்கு மருந்து வேறு. ஐயமிருப்பின் வைத்தியரிடம் காட்டுதல் நன்று. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்துப் பங்கசு உண்டோ இல்லையோ என அறியலாம்.

அலட்சியம் செய்யலாகாது

சேற்றுப்புண் தானாக ஒருவரைக் கொல்வதில்லை. ஆனால் வரம்பில் உள்ள நண்டுப் பொந்து வயலின் நீர் முழுவதையும் வெளியேற்றிவிடுவதுபோல, விரலிடுக்கிலுள்ள சிறு வெடிப்புப் பெருங்கேட்டிற்கு வழிசெய்கின்றது.

வெடிப்பின் வழியே பற்றீரியாக்கள் புகுந்தால், பாதமும் கணைக்காலும் சிவந்து, சூடேறி, வீங்கி, காய்ச்சலும் குளிரும் உண்டாகும். இந்நிலையில் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறவேண்டி வரலாம். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இத்தகைய தாக்கம் ஒவ்வொரு முறையும் வீக்கத்தை மேலும் அதிகரிக்கச் செய்யும்.

நீரிழிவு நோயாளருக்கு அபாயம் இன்னும் பெரிது. அவர்களுடைய பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வெடிப்பும் புண்ணும் நோவதில்லை. நோகாமையினாலேயே கவனிக்கப்படாது விடப்படுகின்றன. விரலை இழந்த பலரின் துன்பம் இத்தகைய சிறு புண்ணிலேயே தொடங்கியுள்ளது.

எலிக்காய்ச்சல் கமக்காரர் அனைவரும் அஞ்சவேண்டிய நோயாகும். எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் சேற்றிலும் இந்நோயின் கிருமி வாழும். காலிலுள்ள கீறல், வெடிப்பு, ஊறி இளகிய தோல் ஆகியவற்றின் வழியே அது உடலிற் புகும். 2024 நவெம்பர் இறுதியில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் அடுத்து, அவ்வாண்டு டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. வடமராட்சியும் அதற்குத் தப்பவில்லை. விரலிடுக்கு வெடித்த காலுடன் வெள்ளம் நின்ற வயலில் இறங்குவது எத்துணை ஆபத்தானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இவை தவிர, மண்ணில் வாழும் ஏற்புவலிக் கிருமியும், நீரிழிவு நோயாளரைப் பெரிதும் தாக்கும் மெலியோயிடோசிசு என்னும் நோயின் கிருமியும் தோலிலுள்ள காயங்கள் வழியே உடலிற் புகக்கூடியவை. ஆகவே விரலிடுக்கைக் காப்பது உயிரைக் காப்பதாகும்.

சிகிச்சை முறை

சிகிச்சையை இரண்டு படிகளாகச் செய்யவேண்டும். முதலில் ஈரத்தை அகற்றவேண்டும். பின்னர் பங்கசை அழிக்கவேண்டும். ஈரம் வடியும் புண்ணின் மேல் எத்துணை விலையுயர்ந்த களிம்பைப் பூசினும் பயன் குறைவு. நீர் வடிக்காத வயலில் நோய்க்கு மருந்து தெளிப்பதற்கு அது ஒப்பாகும்.

முதற்படி: புண் கசிந்துகொண்டிருந்தால், கொண்டிசு எனப்படும் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் காலை அமிழ்த்தி வைத்தல் நன்மை தரும். 10 இலீற்றர் நீருக்கு 1 கிராம் போதும். நீர் வெளிறிய இளஞ்சிவப்பு நிறமாக இருக்கவேண்டும். கடும் ஊதாவாக இருந்தால் அது தோலைச் சுடும். பளிங்குகள் முற்றாகக் கரைந்தபின்னரே காலை வைக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ, 10 முதல் 15 நிமிடம் வரை, கசிவு நிற்கும் மட்டும் சில நாட்களுக்குச் செய்தல் தகும். இதனால் தோலும் நகமும் கபில நிறமாவது கெடுதலன்று. அத்தூள் நஞ்சாகையால் சிறுவருக்கு எட்டாதபடி வைத்தல்வேண்டும். கண்ணில் படவும் விடலாகாது.

இரண்டாம் படி: கசிவு நின்று தோல் உலர்ந்தபின் பங்கசை அழிக்கும் மருந்தைப் பூசவேண்டும். பழைமையானதும் மலிவானதும் விற்பீல்ட் களிம்பாகும். இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதர் விற்பீல்ட் என்னும் இலண்டன் வைத்தியர் வகுத்தது. பென்சோயிக் அமிலம் 6 வீதமும் சலிசிலிக் அமிலம் 3 வீதமும் கலந்தது. உள்ளங்காலின் தடித்த தோலுக்கு இது மிகவும் ஏற்றது. ஆயின், உரிந்து சிவந்த புண்ணில் பூசினால் கடுமையாக எரியுமாகையால் அவ்விடத்தில் பூசலாகாது. முகத்திலும் தொடையிடுக்கிலும் பூசுதல் தகாது.

குளோட்டிரிமசோல் 1 வீதம், மைக்கோனசோல் 2 வீதம் என்னும் களிம்புகள் எரிவின்றிப் பயன் தருபவை. இவற்றைக் காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு இருமுறை பூசவேண்டும். தெர்பினபின் 1 வீதக் களிம்பு விரலிடுக்கு நோயை ஒன்று அல்லது இரண்டு வாரத்திலேயே மாற்றவல்லது. எந்த மருந்தாயினும் வைத்தியரிடமோ தகுதிபெற்ற மருந்தாளரிடமோ கேட்டுப் பெறுதல் நன்று.

பூசும் முறை பின்வருமாறு. காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியே ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றில் உலரவிடவேண்டும். பின்னர் மருந்தை மெல்லிய படையாகப் பூசி, நோய் தெரியும் இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் தூரம் நலமாகத் தோன்றும் தோலிலும் தேய்க்கவேண்டும். ஒரு காலில் மாத்திரம் நோய் தெரிந்தாலும் இரண்டு கால்களின் எல்லா இடுக்குகளுக்கும் பூசுதல் சிறந்தது. பூசியபின் கைகளைக் கழுவவேண்டும்.

கமக்காரர் பெரும்பாலும் தவறு செய்வது மருந்தை நிறுத்தும் காலத்திலேயாகும். நான்கைந்து நாளில் கடி நின்றவுடன் நோய் மாறிவிட்டதெனக் கருதி மருந்தை எறிந்துவிடுகின்றனர். கடி நிற்பது பங்கசு குறைந்ததன் அடையாளமே; அழிந்ததன் அடையாளமன்று. மேலே புல்லை அறுத்துவிட்டுக் கோரைக் கிழங்கை மண்ணில் விட்டால் அது மீண்டும் முளைப்பதுபோல, நோயும் சில வாரங்களில் முளைக்கும். குளோட்டிரிமசோல், மைக்கோனசோல், விற்பீல்ட் களிம்புகளை ஏறக்குறைய 4 வாரம் பூசவேண்டும். தோல் முற்றாக நலமடைந்த பின்னரும் 2 வாரம் தொடர்தல் நன்று. இறைப்புக் குறைந்த நாட்களில் சிகிச்சையைத் தொடங்கினால் பலன் விரைவில் கிட்டும்.

நகத்தில் பற்றிய நோய்க்குக் களிம்பு மாத்திரம் பெரும்பாலும் போதாது. வைத்தியரின் மேற்பார்வையில் சில மாதங்களுக்கு மாத்திரை உட்கொள்ளவேண்டி வரும். கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து முற்றாக வளர்ந்து வருவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ செல்லுமாகையால் பொறுமை தேவை. ஈரல் நோயுள்ளவரும் கருவுற்ற தாய்மாரும் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவித்தல்வேண்டும்.

செய்யத் தகாதவை

பயிருக்குரிய பங்கசு நாசினியைக் காலில் பூசுவது பெருந்தவறாகும். "வெங்காயத்தின் பங்கசை அழிக்கும் மருந்து காலின் பங்கசையும் அழிக்கும்" எனச் சிலர் எண்ணக்கூடும். மன்கோசெப் முதலிய அம்மருந்துகள் மனிதத் தோலுக்காக ஆக்கப்பட்டவையல்ல. அவை தோலில் அழற்சியை உண்டாக்கும். வெடித்த தோலின் வழியே பயிர் நஞ்சுகள் உடலினுட் செல்வதும் எளிதாகும். ஆதலால் சேற்றுப்புண் உள்ளவர் வெறுங்காலுடன் மருந்து தெளிக்கவும் கூடாது.

மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி அமிலம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பூசுதல் தோலை வேகச்செய்து புண்ணைப் பெரிதாக்கும். சாணம், சாம்பல், மண் ஆகியவற்றை வெடிப்பில் அப்புதல் ஏற்புவலிக்கு இடங்கொடுக்கும். கடியைத் தணிப்பதற்காகக் கொதிநீரில் காலை வைத்தலும், தோலைக் கத்தியாற் சீவுதலும் தகா.

கடியை உடனே அடக்கும் களிம்புகள் பலவற்றில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய ஸ்ரீரொயிட் மருந்துகள் கலந்துள்ளன. இவை சிவப்பையும் கடியையும் மறைக்கும், பங்கசையோ கொல்லா. தோலின் எதிர்ப்பு அடங்குவதால் பங்கசு முன்னிலும் விரிந்து பரவும். இத்தகைய கலப்புக் களிம்புகளை மக்கள் தாமாக வாங்கிப் பூசிவந்த இந்தியாவில், அண்மைய ஆண்டுகளில், எளிதில் மாறாத படர்தாமரை பெருகியுள்ளது. அதனை உண்டாக்கும் பங்கசிற்கு 2020ஆம் ஆண்டில் திரைக்கோபைற்றன் இந்தோதினியே எனத் தனிப்பெயரே இடப்பட்டது. தெர்பினபின் மருந்துக்கும் அது பலவிடத்து அடங்குவதில்லை. எனவே அயலவருக்குப் பயன் தந்ததென்று கேட்டு, பெயரறியாத களிம்பை வாங்கிப் பூசுதல் கூடாது.

கைமருந்துகள்

நம் முன்னோர் சேற்றுப்புண்ணுக்கு மருதோன்றி இலையையும் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பயன்படுத்தி வந்தனர். சீமை அகத்தி இலை படர்தாமரைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது; வண்டுகொல்லி என்பதும் அதன் பெயரே. மருதோன்றியிலும் சீமை அகத்தியிலும் பங்கசின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளமை ஆய்வுகூடச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. பிலிப்பைன்சு நாட்டில் சீமை அகத்தியைக்கொண்டு ஆக்கிய பூச்சு மருந்து இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

நோய் தொடங்கும் நிலையில், தோல் பிளக்காதிருக்கும்பொழுது, வீட்டு மரத்தில் பறித்துக் கழுவி அரைத்த மருதோன்றியைப் பூசி உலரவிடுவதில் தீங்கில்லை. அது தோலை உலர்த்தி இறுகச் செய்யும். கடையில் விற்கும் கறுப்பு மருதோன்றிச் சாயங்களில் தோலைச் சுடும் இரசாயனங்கள் கலந்திருக்கக்கூடுமாதலால் அவற்றைத் தவிர்க்கவேண்டும். எவ்வகை அரைப்பையும் வெடித்த அல்லது கசியும் புண்ணில் அப்பலாகாது. ஒரு வாரத்தில் குணம் தெரியாவிடின் கைமருந்தை நிறுத்தி, மேற்கூறிய சிகிச்சையைச் செய்தல்வேண்டும்.

தடுக்கும் முறைகள்

கமக்காரர் சேற்றில் இறங்காதிருத்தல் இயலாது. ஆயினும் சேற்றிலிருந்து ஏறியபின் காலை உலர்த்துதல் யாவர்க்கும் இயலும். இந்நோயைத் தடுப்பதன் சாரம் இதுவேயாகும்.

1960களில் வியட்நாம் நாட்டின் மீகொங் கழிமுகத்து நெல்வயல்களில் நாட்கணக்கில் நனைந்த காலுடன் நின்ற அமெரிக்கப் படையினரிடையே பாத நோய்கள் மிகப் பெருகின. அங்கு நடத்திய ஆய்வுகளின் பயனாக, 9ஆவது காலாட்படைப் பிரிவில், நீர்நிலத்தில் தொடர்ந்து நிற்கும் காலம் 48 மணித்தியாலத்திற்கு மேற்படலாகாது எனக் கட்டுப்படுத்தினர். அதன்பின் காலை உலர்த்தி ஓய்வு கொடுத்தனர். நம் கமக்காரர் மாலையில் வீடு திரும்புபவராகையால், இவ்வோய்வை ஒவ்வோர் இரவும் தம் கால்களுக்குக் கொடுக்கமுடியும். ஈரக்காலுடனே அடுப்படியிலும் கிணற்றடியிலும் நின்று இரவு வேலைகளையும் முடிக்கும் பெண்களுக்கே இவ்வோய்வு கிடைப்பதில்லை. புல்லுப் பிடுங்கி வரும் பெண்கள் முதலில் காலைக் கழுவித் துடைத்து உலர்ந்த செருப்பை அணிந்த பின்னரே வீட்டு வேலையைத் தொடங்குவதற்கு வீட்டார் உதவவேண்டும்.

பின்வரும் பழக்கங்களை நாளாந்தம் கைக்கொள்ளுதல் நலம்.

1. வயலில் இறங்குமுன் பாதத்திலும் கணைக்காலிலும் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ மெல்லிதாகப் பூசினால் தோல் நீரில் ஊறுவது குறையும். வீடு திரும்பியதும் அதனைக் கழுவிவிடவேண்டும். விரலிடுக்கில் எண்ணெயை இரவில் தங்கவிடலாகாது.

2. மதிய உணவுக்குக் கரையேறும்பொழுது காலைக் கழுவித் துடைத்து, உண்டு முடியும்வரை வெயிலில் நீட்டி உலரவிடவேண்டும். இதற்கெனச் சிறு துணியொன்றை உணவுப் பொதியுடன் கொண்டுசெல்லலாம்.

3. மாலையில் நல்ல நீரிலும் சவர்க்காரத்திலும் காலைக் கழுவி, விரல்களை விரித்து ஒவ்வோர் இடுக்கையும் துடைக்கவேண்டும். காலுக்குத் தனித் துணி வைத்துக்கொள்ளல்வேண்டும். சாரத்தின் ஓரத்தால் துடைத்துவிடுதல் தகாது.

4. வாரத்தில் ஒருநாள் நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்குகளைப் பரிசோதிக்கவேண்டும். முதியோருக்கும் நீரிழிவு நோயாளருக்கும் வீட்டிலுள்ள இளையோர் நாள்தோறும் பார்த்தல்வேண்டும்.

5. தோட்டத்தில் தண்ணீர் மாறும்பொழுதும் மருந்து தெளிக்கும்பொழுதும் முழங்கால்வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்தை அணியலாம். ஆழ்ந்த சேற்று வயலில் அது புதையுமாயினும் தோட்ட நிலத்திற்கு ஏற்றது. உள்ளே நீர் புகுந்தால் உடனே கழற்றி ஊற்றிவிடவேண்டும். மாலையில் கவிழ்த்து வைத்து முற்றாக உலர்ந்தபின் அணியவேண்டும். ஈரமான சப்பாத்து வெறுங்காலைவிடக் கெடுதலானது.

6. வீட்டில் திறந்த செருப்பே சிறந்தது. ஒருவர் செருப்பை மற்றவர் அணிதல் தகாது. செருப்பையும் துவாயையும் மிதியடியையும் அடிக்கடி கழுவி நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். நோயுள்ளவரின் துவாயைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தல் நன்று.

7. கிணற்றடித் தரையைப் பாசி பிடிக்கவிடாது தேய்த்துக் கழுவி, நீர் தேங்காது வழிந்தோட வசதி செய்யவேண்டும்.

8. இயலுமானவர்கள் தூவல் நீர்ப்பாசனத்தையோ சொட்டு நீர்ப்பாசனத்தையோ கைக்கொள்வாராயின், நீர் மீதப்படுவதுடன் வாய்க்காலில் நனைந்து நிற்கும் நேரமும் குறையும்.

9. புல்லுப் பிடுங்கும் காலத்தில் ஒருவரே நாள்தோறும் நீரில் நிற்காமல், வயல் வேலையையும் மேட்டு வேலையையும் மாறி மாறிச் செய்யுமாறு ஒழுங்குசெய்தால் கால்கள் தேறும். வெடிப்புள்ளவரை அது மாறும்வரை மேட்டு வேலையில் ஈடுபடுத்துதல் நன்று.

10. எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்கான மாத்திரைகளைப் பற்றி விதைப்புக் காலத்திலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டறிந்து, அவர்கள் கூறும் முறைப்படி உட்கொள்ளவேண்டும்.

வைத்தியரை உடனே நாடவேண்டிய நிலைகள்

கால் சிவந்து வீங்கிச் சூடேறினால், சிவப்புக் கோடு மேல்நோக்கிப் பரவினால், அரையில் நெறி கட்டினால், சீழ் வடிந்தால், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீரிழிவு நோயாளர் காலில் எத்தகைய வெடிப்புக் கண்டாலும் தாமதியாது காட்டவேண்டும். நான்கு வாரம் முறையாக மருந்து பூசியும் குணமில்லையாயின், நோய் வேறாக இருக்கலாமாகையால் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

வயலில் வேலை செய்தவருக்குத் திடீர்க் காய்ச்சல், கடுந் தலையிடி, கெண்டைக்கால் தசைகளில் தாங்கமுடியாத நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். வீட்டில் காய்ச்சல் மாத்திரையுடன் நாட்களைக் கடத்தாமல் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ அன்றே செல்லவேண்டும். தாம் வயலில் இறங்கியதை வைத்தியருக்குத் தாமாகவே கூறவேண்டும். அவ்வொரு சொல் நோயை விரைவில் இனங்காண உதவும்.

முடிவுரை

கலப்பையைக் கழுவி வைப்பதும், நீரிறைக்கும் இயந்திரத்திற்கு எண்ணெயிடுவதும், விதை நெல்லை உலர்த்தி வைப்பதும் கமக்காரர் மறவாத கடமைகள். காலும் கமத்தொழிலின் கருவியே. மற்றக் கருவிகள் பழுதுபட்டால் நெல்லியடிச் சந்தையில் வேறொன்று வாங்கலாம், கால் அத்தகையதன்று. மாலையில் காலைக் கழுவி உலர்த்துவதற்குச் செல்வது ஐந்து நிமிடம். புல்லுப் பிடுங்கும் பருவத்தில் காலின் நோயினால் இரண்டு கிழமை வேலை நின்றுபோனால், களை நெல்லை மூடிவிடும். விதைத்த செலவும் வீணாகும்.

ஆகவே, ஈரத்தை இரவில் தங்கவிடாதிருத்தல், கடி தொடங்கியதுமே மருந்தைப் பூசுதல், கடி நின்றபின்னரும் குறித்த காலம்வரை அதனைத் தொடர்தல், வெடித்த காலுடன் வெள்ளத்தில் இறங்காதிருத்தல் ஆகிய நான்கையும் கமக்காரக் குடும்பங்கள் யாவும் வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.